கரிச்சான் நடு இறகைப் பிடுங்கின நாள்

அந்தக் காலத்துல, பறவைங்கல்லாம் வாயத் திறந்து சண்டை போட்டுக்கிட்டு இருந்த காலத்துல, கரிச்சானுக்கு வாலு விசிறி மாதிரி வட்டமா, அடர்த்தியா இருந்துச்சு. ரெட்டைவாலுன்னு யாரும் கூப்பிடல. கூப்பிட ரெண்டு இருந்தாத்தானே.

அப்போதான் ஒரு கம்மங்காட்டுக்குள்ள கரண்டு கம்பி இழுத்தாங்க. வழியில நின்ன புளியமரத்தை எல்லாம் வெட்டித் தள்ளியாச்சு. அங்க மூணு குஞ்சுக்குத் தாயான ஒரு கரிச்சான் இருந்துச்சு. உசரத்துல உக்காந்து பாத்தாத்தான் அதுக்குப் பூச்சி சிக்கும். மிச்சமிருந்த உசரம் கம்பமும் கம்பியும்தான். கம்பத்தைப் பருந்து பிடிச்சுக்கிட்டு யாரையும் விடல. கம்பியில ஒரு வௌவால் செத்துக் கிடந்ததால எவனும் அந்தப் பக்கமே போகல. கூட்டுல குஞ்சுங்க ரெண்டு நாளாப் பட்டினி.

"கம்பியில பதினோராயிரம் வோல்ட்டு இருக்கு. இழுக்க வந்தவங்க பேசினதை நானே கேட்டேன். கால வச்சா கரிதான்"னு பருந்து சொல்லுச்சு.

"எதுல இருந்து பதினோராயிரம்?"னு கரிச்சான் கேட்டுச்சு.

"பதினோராயிரம்னா பதினோராயிரம். என்னட்டி கேள்வி இது?"

"நீங்க எவ்வளவு உசரத்துல பறக்கீங்க அண்ணாச்சி?"

"இருபது பனை உசரம்."

"எதுல இருந்து?"

"தரையில இருந்துதான், கூறுகெட்டவளே."

"பாத்தீங்களா, உசரத்துக்கு ரெண்டு இடம் வேணும், பதினோராயிரத்துக்கும் அப்படித்தான். வௌவால் ஒரு கம்பியில ரொம்ப நேரம் தொங்கிச்சு, ஒண்ணும் ஆகல. றெக்கைய விரிச்சு பக்கத்துக் கம்பியையும் தொட்டுச்சு, செத்துச்சு. ஏன்?"

"வாய் ரொம்ப நீளுது"ன்னு பருந்து சீறுச்சு.

கரிச்சான் கம்பிக்குக் கிட்ட பறந்து பாத்துச்சு. வாலு மொத்தமும் குறுகுறுன்னுச்சு. எங்க கூட, எங்க குறைச்சல்னு பிரிக்க முடியல. ரெண்டு முனை தனித்தனியா இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்னு, திரும்பி வந்து குட்டையான உடைமரத்துல உக்காந்து, நடு இறகை ஒவ்வொண்ணாப் பிடுங்க ஆரம்பிச்சுச்சு. ரத்தம் சொட்டுச்சு.

"மதினி, நீ போயிட்டா உன் பிள்ளைங்களுக்கு நான் பூச்சி பிடிக்க மாட்டேன், நான் சோம்பேறி"ன்னு பக்கத்துக் கிளையில இருந்த மைனா கண்ண மூடிக்கிச்சு.

"நான் சும்மா இருந்தா அதுக சாவுறது உறுதி. நீ கண்ணத் திற, பாரு."

ஓரத்து இறகு ரெண்டு மட்டும் மிஞ்சிச்சு, முனை விலகி. கரிச்சான் மறுபடி பறந்துச்சு. ஒரு முனை கம்பிப் பக்கம், இன்னொண்ணு வெளிப்பக்கம். தூரத்துல ரெண்டு முனையோட குறுகுறுப்புக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கிட்ட போகப் போக மடமடன்னு கூடுச்சு. "கூடுது!"ன்னு கத்துச்சு.

"கூடுதுல்ல? திரும்பிடு"ன்னு பருந்து சிரிச்சுச்சு.

கரிச்சான் உடம்பத் திருப்பி, கம்பியோட கூடவே, ரெண்டு முனையும் சம தூரத்துல இருக்கற மாதிரி பறந்துச்சு. வித்தியாசமே இல்ல. சுத்தமா இல்ல. அப்போ கம்பி மேல ரெண்டு காலையும் வச்சா, காலுக்கும் காலுக்கும் நடுவுல என்ன இருக்கும்?

வச்சுச்சு. எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சுருக்கு. அவ்வளவுதான்.

கரிச்சான் கம்பி மேல நாலு அடி நடந்துச்சு. வாலைப் பக்கத்துக் கம்பிப் பக்கம் மெல்லத் திருப்புச்சு. இறகு விறைச்சு நின்னுச்சு, உடனே இழுத்துக்கிச்சு.

"கேட்டுக்கோங்க. சாவு இந்தக் கம்பியிலயும் இல்ல, அந்தக் கம்பியிலயும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. ஒண்ணுல மட்டும் உக்காருங்க, இன்னொண்ணு பக்கம் றெக்கைய நீட்டாதீங்க."

அடுத்த நொடி கீழ பாஞ்சு ஒரு வெட்டுக்கிளியத் தூக்கிக்கிட்டு கூட்டுக்குப் போச்சு. மைனா முதல்ல வந்து கம்பியில உக்காந்துச்சு, அப்புறம் அதோட சொந்தம் பூரா. மூணு குஞ்சும் வயிறு நிறைஞ்சு தூங்கினப்புறம், கரிச்சான் நேரா கம்பத்துக்குப் போய்ப் பருந்து முதுகுல நச்சுன்னு ஒண்ணு கொத்துச்சு.

பிடுங்கின இறகு திரும்ப முளைக்கல. அன்னையில இருந்துதான் கரிச்சானுக்கு வாலு ரெண்டு, பருந்தைக் கண்டா ஆத்திரம். கரண்டு அளக்கற மீட்டருக்கும் ஒரு முனை பத்தாம ரெண்டு முனை வந்தது அன்னையில இருந்துதான்.