அரளியில் காய்த்த சலங்கை

மேலைப்பூம்பாடி நஞ்சுண்ட கூத்தர் கோயில் நந்தவனத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவர் வெள்ளைக்கண்ணர். விடிந்ததும் செவ்வரளி பறித்து மாலை கட்டுவார். சந்நிதி வாசலில் வைத்துவிட்டு எட்ட நின்று கும்பிடுவார். அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டிக் கிடக்கிறது!

ஒரு கார்த்திகையில் அரளி இலையெல்லாம் புழு. கறுப்பு வெள்ளை வரி, முதுகில் கொம்பு வேறு. நசுக்குவதா, விடுவதா? அன்று முழுக்க அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் சிரித்தபடி சந்நிதிக்கு ஓடினார்.

"ஐயனே, ஆடுகூட வாய் வைக்காத நஞ்சு இந்த அரளி. அதைத் தின்னுட்டு இதுங்க கொழுகொழுன்னு திரியுதுங்க. நஞ்சைத் தின்னு நிக்கிறவன் நீ ஒருத்தன்தானே? அப்போ இதுங்க உன் சொந்தக்காரங்க. வீட்டுக்கு வந்த விருந்தை விரட்டுவேனா?"

ஒவ்வொன்றாக எடுத்து மூலைச் செடியில் குடியேற்றினார். அந்தச் செடி மொட்டையாயிற்று. "புழுப் பண்ணையார் வர்றாரு, வழி விடுங்க!" என்று ஊரார் கேலி செய்தால், அவரும் சேர்ந்து சிரிப்பார். கோயில் மணியக்காரர் சிவக்கொழுந்துக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி செடியைப் புழுவுக்குத் தாரை வார்க்கிறியா? திருவாதிரைக்குள்ள ஒழிச்சுக்கட்டு. இல்லேன்னா இந்தப் பக்கம் தலைகாட்டாதே!"

குடத்தை விட்டால் வெள்ளைக்கண்ணருக்கு வேறு வாழ்வேது? ஆனாலும் ஒரு புழுவைக்கூட அவர் நசுக்கவில்லை.

திருவாதிரைக் காலையில் மணியக்காரர் வந்து பார்த்தார். புழு ஒன்றையும் காணோம். மொட்டைச் செடியில் வெள்ளி மணிகள் பளபளவென்று தொங்கின.

"அடப்பாவி! சாமி சலங்கையை அறுத்தா இங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

அந்தக் கிளையை ஒடித்துச் சந்நிதி முன் கொண்டுபோய் ஊரைக் கூட்டினார். திருடன் கட்டிய மாலை ஆகாதென்று அன்றைய மாலையையும் தூக்கி எறிந்தார்.

"என்னைத் திருடன்னு சொல்லட்டும், ஐயனே. உன் கழுத்து வெறுங்கழுத்தா இருக்கே!" என்று வெள்ளைக்கண்ணர் குழந்தைபோல அழுதார்.

வெயில் ஏறியது. கிளையில் தொங்கிய ஒரு மணி கறுத்து வெடித்தது. அடுத்தடுத்து எல்லாம் வெடித்தன. உள்ளிருந்து வந்த பட்டாம்பூச்சிகள் ஈரச் சிறகை உலர்த்திப் பறந்து, கூத்தர் கழுத்தில் வரிசையாக அமர்ந்தன. அடடா, அவர் கண்டத்தின் அதே கருநீலம்!

சந்நிதிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது: "சலங்கை என்னுடையதுதான். என் சொந்தங்களுக்குச் சோறு போட்டவன் ஏன் வெளியே நிற்கிறான்?"

மணியக்காரரே அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நஞ்சுண்டார் உறவைப் புழுவிலேயே கண்டுகொண்ட வெள்ளைக்கண்ணர் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.