நாற்பது பேர் சொறிந்த சபை

முன்னொரு காலத்தில் நண்டூர் நாட்டை நெடுமூக்க ராஜா ஆண்டு வந்தார். அவர் சபையில் ஒரு விசித்திர வழக்கம்: ராஜா என்ன செய்கிறாரோ, சபையோர் நாற்பது பேரும் அதையே செய்ய வேண்டும். அவர் கொட்டாவி விட்டால் நாற்பது வாய் திறக்கும். இப்படியும் ஒரு பிழைப்பு!

ஒருநாள் காலை ராஜாவின் உடம்பெங்கும் பத்தை பத்தையாகத் தடித்தது. ஒரே அரிப்பு. சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி வறட் வறட்டென்று சொறிந்தார். நாற்பது பேரும் சொறிந்தார்கள்.

தளவாய் கண்டராயர் துள்ளி எழுந்தார். சமையல்காரி வடிவாயியை விரட்டிவிட்டுத் தன் மைத்துனனை அரண்மனை அடுப்படியில் அமர்த்த வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"பிரபு! இது காணாக்கடி. போன வாரம் வடிவாயிக்கு வந்தது. அவளிடமிருந்து தங்களுக்கு, தங்களிடமிருந்து சபைக்கு! எப்படிப் பரவுகிறது பாருங்கள்!" என்று சொல்லிக்கொண்டே தானும் சொறிந்தார்.

ராஜா அலறிவிட்டார். "பொழுது சாய்வதற்குள் அவளைக் குடும்பத்தோடு ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுங்கள்!"

வடிவாயி ஓடிவந்தாள். ஐந்து பிள்ளைகளோடு எங்கே போவாள், பாவம்! ஆனால் சொறியும் சபையைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மகாராசா, போறதுக்கு முன்னால ஒரு விண்ணப்பம். சபையில எல்லாரும் அங்கியைக் கழட்டட்டும்."

கழற்றினார்கள். நாற்பது முதுகிலும் ஒரு தடிப்புகூட இல்லை. தளவாயின் முதுகு வாழைத்தண்டு மாதிரி பளபளத்தது.

"உள்ளுக்குள்ளே இருக்கிறது, பிரபு," என்றார் தளவாய்.

"அப்படிங்களா? மகாராசா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தைக்கால்ல நில்லுங்க."

ராஜா நின்றார். நாற்பது பேரும் நின்றார்கள். அதில் இரண்டு பேர் குப்புற விழுந்தார்கள்.

"இதுவும் ஒட்டுநோயா மகாராசா? காணாக்கடி ஒட்டவே ஒட்டாது. என்கூட ஒரே பாய்ல படுக்கிற அஞ்சு பிள்ளைகளுக்கும் வரலையே!"

"பின்னே எனக்கு எப்படி வந்தது?"

"நேத்துப் புதுசா என்ன சாப்பிட்டீங்க?"

"தளவாயின் மைத்துனன் கொண்டுவந்த இறால் வறுவல்," என்றார் ராஜா. பிறகு சற்றுக் கூச்சத்தோடு, "மூன்று தட்டு," என்றார்.

"போன வாரம் எனக்கும் அதைத்தான் ருசி பார்க்கக் கொடுத்தாரு. எல்லா உடம்பும் ஒண்ணா? அது உங்களுக்கும் ஆகல, எனக்கும் ஆகல."

ராஜா மூக்கை விட்டார். தளவாயை முறைத்தார். "போட்ட உத்தரவை வீணாக்க முடியாது. நீரும் உம் மைத்துனனும் இறால் கூடையோடு அக்கரைக்குக் கிளம்பும்!"

பிறகு தம் முத்துமாலையைக் கழற்றி வடிவாயியிடம் நீட்டினார். வழக்கம் வழக்கம்தானே! மிச்சமிருந்த முப்பத்தொன்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுக்கொரு மாலையைக் கழற்றி நீட்டினார்கள்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார் ராஜா.

வடிவாயி தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரையும் அங்கியைப் போட்டுக்கச் சொல்லுங்க மகாராசா. பார்க்கச் சகிக்கலை."