திரையில் சாப்பிட்ட ராஜா

“திரையை அவிழ்க்க வேண்டும், மகாராஜா!”

முன்னொரு காலத்தில், ஓர் அரசவையில், சடைச்சி என்ற விகடகவி இப்படிக் கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்: ராஜாவின் மீசையைக்கூடக் கேலி செய், திரையைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே.

அது என்ன திரை? அந்த ராஜாவுக்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது, குடிமக்கள் முகம் அறவே ஆகாது. அதனால் தினமும் காலையில் சபைக் கதவுகளை அடைத்து, வெள்ளைத் துணி கட்டி, பின்னால் விளக்கேற்றித் தோல்பாவைகளை ஆட்டுவார்கள். அதுதான் அவனுக்கு நாடு. தோலில் வெட்டிய மேகம் மழை பொழியும். தோலில் வெட்டிய கதிர் தலைசாயும். ‘திரையில் தெரிவதே மெய், மறுப்பவன் தலை உருளும்’ என்று சட்டம். பாவைகளை ஆட்டியவர் மந்திரி தருமராயர். ராஜாவை ஆட்டியவரும் அவர்தான்.

“என்ன அவசரம், பெண்ணே?” என்றான் ராஜா.

“எங்கள் ஓடைக்குறிச்சிக் கண்மாய் வெடித்துக் கிடக்கிறது. சனங்கள் புளியங்கொட்டையை அவித்துத் தின்கிறார்கள். தாங்கள் கண்ணால் பார்த்தால் களஞ்சியத்தைத் திறப்பீர்கள்.”

தருமராயர் சிரித்தார். “இவள் வம்சத்தில் ஏடு தொட்ட முதல் ஆள் இவள், பிரபு. நாலு எழுத்து படித்ததும் கண்மாய் வற்றிவிடுகிறது! நேற்று அங்கே மழை பெய்ததைத் தாங்களே பார்த்தீர்களே? திரை பொய் என்று நாளைக்குள் நிரூபிக்கட்டும். துணியைத் தொடக் கூடாது. தோற்றால் நாக்கு போகும்.”

“ஜெயித்தால்?” என்றாள் சடைச்சி.

“களஞ்சியம் திறக்கும்” என்றான் ராஜா.

மறுநாள் கூத்து தொடங்கியது. தருமராயர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு: முதல் காட்சியில் ராஜாவின் பாவை தலைவாழை இலையில் விருந்துண்டு ஏப்பம் விட வேண்டும். ஏப்பம் முடிந்ததும் சடைச்சி நேரே மடைப்பள்ளிக்குப் போனாள்.

“குப்பாண்டி அண்ணே, அடுப்ப அணைங்க. ராஜா சாப்பிட்டாச்சு.”

“எப்ப தாயி?” என்றான் தலைமைச் சமையல்காரன்.

“இப்பத்தான், திரையில. இன்னொரு தடவ சமைச்சா, திரை பொய்னு நீங்க சொன்னதா ஆகும். தலை உங்களுது.”

அடுப்பில் தண்ணீர் விழுந்தது.

உச்சிவேளை தாண்டியதும் ராஜா கத்தினான். “சோறு எங்கே?”

“காலையிலேயே உண்டீர்கள், மகாராஜா. மந்திரியாரைக் கேளுங்கள்” என்றாள் சபைக்குத் திரும்பியிருந்த சடைச்சி.

தருமராயருக்கு வேர்த்தது. இல்லை என்றால் திரை பொய். ஆம் என்றால் ராஜா பட்டினி. “உ... உண்டீர்கள், பிரபு.”

“வயிறு எரிகிறதே, அய்யா!”

“எங்கள் ஊரும் அதைத்தான் சொல்கிறது” என்றாள் சடைச்சி.

ராஜா திகைத்தான். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தான். சபையே சிரித்தது. அந்த ஒரு நொடி, ஊர் பிழைத்துவிட்டது என்று சடைச்சி நம்பினாள்.

“ஜெயித்தாய்! திரை பொய்தான். சோறு கொண்டு வாருங்கள்!” அணைத்த அடுப்பு மறுபடி எரிந்து, இலை வந்தது. நெய்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே ராஜா சொன்னான்: “எனக்கு அது தெரியாதென்றா நினைத்தாய்? வெடித்த கண்மாயைப் பார்த்துக்கொண்டு எவனால் சாப்பிட முடியும்? இனி திரை விளக்கு உன் கையில். தருமராயரைவிட நீ நன்றாக ஆட்டுவாய்.” கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

“களஞ்சியம், மகாராஜா?”

“வாக்குத் தவறுவேனா? தருமராயரே, களஞ்சியம் திறப்பதுபோல் ஒரு பாவை வெட்டும். நாளைக்கே திரையில் திறந்துவிடுவோம்!”

மறுபடி சிரிப்பு. சடைச்சி மாலையை வாங்கி, எச்சில் இலையின் ஓரத்தில் வைத்தாள்.

“எங்கே போகிறாய்?”

“ஊருக்கு. களஞ்சியக் கதவு தோல் இல்லை, மகாராஜா. மரம். எங்களிடம் கோடாலி இருக்கிறது.”

அதையும் விகடம் என்று நினைத்துச் சபை சிரித்தது. கோடாலியைத் தூக்க எத்தனை கைகளில் இன்னும் தெம்பிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தள்ளினாள். வெயில் உள்ளே விழுந்தது. எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அதனால், அவள் வெளியே போனதை ஒருவரும் பார்க்கவில்லை.