புயல் நாளில் ஒரு கொத்துரொட்டி

"உயிராபத்து, வெளியில வராதேங்கோ" என்று ஊருக்கே சொன்ன மனுசன், தனக்குச் சாப்பாடு கொண்டு வரச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

லண்டனில் தமிழ் வானொலி ஒன்றில் வானிலை சொல்கிறவர் மார்க்கண்டர். இலையுதிர்காலம் பிறந்தால் போதும், கிழமைக்கொரு புயலைக் கூட்டி வந்துவிடுவார். வருவதோ குப்பைத்தொட்டியைக்கூட விழுத்தாத காற்று. ஆனாலும் சனம் பயந்து கதவைப் பூட்டும், குகதாசனின் சாப்பாட்டுக்கடை ஈயோட்டும்.

"இண்டைக்கும் சாப்பாட்டைக் கொட்ட வேண்டி வந்தால், நாளைக்கு நீ வரத் தேவையில்லை" என்று முதலாளி குகதாசன் சமையல்காரி தர்மாவதியிடம் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மார்க்கண்டரின் போன் வந்தது.

"பிள்ளை, ஒரு ஆட்டுக்கொத்துரொட்டி. றேடியோவுக்குச் சுறுக்காக் கொண்டு வா."

"புயல் எண்டியள், ஐயா?"

"அது சனத்துக்கு! இஞ்ச ஒரு இலைகூட ஆடேல்லை."

தர்மாவதி கொத்தைப் போட்டுக் கட்டிவைத்தாள். அவர் நேரலையில் நேயர்களோடு பேசத் தொடங்கியதும் வானொலிக்குப் போன் போட்டாள்.

"ஐயா, குகதாசன்ர கடையில இருந்து தர்மாவதி. நீங்கள் கேட்ட ஆட்டுக்கொத்து ரெடி. சனத்துக்குப் புயல் எண்டுறியள், எனக்கு இலைகூட ஆடேல்லை எண்டுறியள். கொண்டு வரவோ, விடவோ?"

வானொலியில் ஒரு இருமல் கேட்டது.

"காத்து... வழிமாறிப் போட்டுது போல. கொண்டு வாங்கோ."

கேட்ட சனம் சிரித்த வாயோடு கடைக்கு வந்து குவிந்தது. அந்த நெரிசலில் மார்க்கண்டரின் பார்சலையும் முதலாளி யாருக்கோ விற்றுவிட்டார். பசி தாங்காமல் மார்க்கண்டரே குடையில்லாமல் நடந்து வந்து, வரிசையின் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"பிள்ளை, கல்லில ஒட்டினதையாவது சுரண்டித் தாவன்!"