கப்பித்தானுக்குக் கேட்காத பதில்

துறைமுகப் பட்டினத்தை ஆண்ட ரகுபதி நாயக்கரிடம் ஒரு மிருகக்கூடம் இருந்தது. புலி, கரடி, கழுதைப்புலி. அதில் வைக்கச் சொல்லி ஒரு மனிதரைக் கொண்டுவந்தான் கப்பித்தான் யோஸ்டன். ஐரோப்பியக் கப்பலின் தலைவன். தமிழ் கொஞ்சம் தெரியும்; பேசுவது நிறைய.

"பனிக்கடல் நாட்டான், மகாராஜா. பெயர் உலாயுக். பச்சை மாமிசம் தின்பான். இவர்களோடு ஒரு குளிர்காலம் முழுக்க இருந்தேன். தெய்வம் உண்டா, பிள்ளைகள்மேல் பாசம் உண்டா என்று இவர்கள் மொழியிலேயே கேட்டேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அறிவில்லாத ஜென்மங்கள். புத்தகமே எழுதிவிட்டேன்."

"குளிர்காலம் முழுக்க உமக்குச் சாப்பாடு போட்டது யார்?" என்றார் அமைச்சர் கோனேரி.

"அவர்கள்தான்."

"அறிவில்லாததால்தான் போட்டிருக்கிறார்கள்."

சபை சிரித்தது. நாயக்கர் சிரிக்கவில்லை. கரடிக்குப் பக்கத்துக் கூண்டு காலியாக இருந்தது. அவருக்கு ஆசையும் இருந்தது.

காவலாள் ஒருவன் உலாயுக்கிடம் இளநீரை நீட்டினான். அவர் புருவங்கள் மேலே எழுந்தன, வாங்கிக் குடித்தார். கப்பித்தான் தன் சாராயக் குப்பியை நீட்டினான். மூக்கு சுருங்கியது, தொடவில்லை. கோனேரி இரண்டையும் பார்த்தார்.

"கப்பித்தான், அவரிடம் கேளும். நீ மனிதனா?"

கேட்டான். புருவம் எழுந்தது.

"பார்த்தீர்களா, பதிலே இல்லை!"

"நீ கரடியா?"

மூக்கு சுருங்கியது.

"வீட்டில் பிள்ளைகள் உண்டா?"

புருவம் எழுந்தது. இறங்க நேரமாயிற்று.

நாயக்கர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புருவம் உயர்ந்தால் ஆமாம், மூக்கு சுருங்கினால் இல்லை. பதில் சொல்லிக்கொண்டேயல்லவா இருக்கிறார்!"

"கப்பித்தான் ஒரு குளிர்காலமாக வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், மகாராஜா."

"எங்கள் நாட்டில் என் புத்தகத்தை எல்லோரும் நம்புகிறார்கள்!" என்றான் கப்பித்தான்.

"அவர்களும் அங்கே போனதில்லையே. எங்களைப் பற்றியும் எழுதினீரோ?" என்றார் கோனேரி.

"எழுதினேன். அரசர் பிடிவாதக்காரர். சரக்கை இறக்க அனுமதி கேட்டேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி மறுத்துவிட்டார். இன்னும் கப்பலிலேயே கிடக்கிறது."

அன்றைக்கே சரி என்றேனே என்று சொல்ல நாயக்கர் வாயெடுத்தார். கோனேரி கண்ணால் தடுத்தார்.

நாயக்கர் தீர்ப்புச் சொன்னார். கூண்டு இல்லை. உலாயுக் இனி அரசரின் விருந்தாளி. நல்ல கப்பலாகப் பார்த்து ஊருக்கு அனுப்பப்படுவார்.

கப்பித்தான் பயந்துபோனான். "நான் போகலாமா, மகாராஜா?"

நாயக்கர் தாராளமாகத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கப்பித்தான் முகம் வெளுத்து அங்கேயே நின்றான். உலாயுக் அரசரைப் பார்த்தார். பிறகு கப்பித்தானுக்கு வாசலைக் கை காட்டினார். அதையும் அவன் பார்க்கவில்லை.

"சொல்லிவிடலாமா, கோனேரி?" நாயக்கர் காதோடு கேட்டார்.

"எதற்கு, மகாராஜா? இந்த நாட்டுக்கு வந்தவனைத் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்று எழுதட்டும். இன்னொரு கப்பித்தான் வராமல் இருப்பான்."

நாயக்கர் சிரித்த சிரிப்பில் மிருகக்கூடத்துக் கரடி எழுந்து உட்கார்ந்தது.