பொரிக்காரி செவந்தியின் சொந்தக் கால்

செங்காட்டுச் சீமையை முத்துவிசய ராஜா ஆண்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. ஆண்டது ராணி. ராணியை ஆட்டிவைத்தது அவள் தம்பி வீரபாகு. ராஜா தலையாட்டினார்.

அந்த ஊரில் பொரி விற்றவள் செவந்தி. சின்ன வயதில் பாரவண்டிச் சக்கரம் ஏறி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. “காலுக்கு என்னம்மா ஆச்சு?” என்று யாராவது உச்சுக்கொட்டினால், “ராஜா வரி கேட்டார். கையில் காசில்லை, காலைக் கொடுத்தேன்” என்பாள். கேட்டவர்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பேசாமல் பொரி வாங்கிக்கொண்டு போவார்கள்.

யாரும் வேலை கொடுக்காததால்தான் அவள் முதலாளி ஆனாள். “நிற்க முடியாதவளுக்கு என்ன வேலை தருவது?” என்று ஊரே கையை விரித்தது. சரி, உட்கார்ந்து செய்கிற வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சந்தை ஓரத்தில் ஒரு முறத்தோடு உட்கார்ந்தாள். பொரியில் பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வறுத்தாள். வாசனை ஊரைக் கூட்டியது. முதலில் சேர்ந்த காசில் தச்சரிடம் சொல்லி வாகை மரத்தில் ஒரு கால் செய்துகொண்டாள். அதை ஊன்றி எழுந்து நின்றவள், நேராக ராஜவீதிக்குப் போய்க் கடை பிடித்தாள். வேலைக்கு இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் காது கேட்காது. இன்னொருத்திக்குக் கேட்கும், ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

எதிரே வீரபாகுவின் பலகாரக் கடை. ராணி அக்கா வைத்துக் கொடுத்தது. அங்கே அதிரசத்தைவிட ஈ அதிகம். செவந்தி வந்த பிறகு ஈக்களும் தெருவைத் தாண்டிவிட்டன.

வீரபாகு அரண்மனைக்கு ஓடினான்.

“அத்தான், ராஜவீதியில் ஒருத்தி கட்டைக் காலோடு கடை வைத்திருக்கிறாள். வெளிநாட்டுத் தூதர் பார்த்தால் நம் மானம் என்னாவது? சொந்தக் காலில் நிற்கிறவர்கள்தான் அங்கே கடை நடத்தலாம் என்று ஆணை போடுங்கள். அக்காவுக்கும் அதுதான் விருப்பம்.”

கடைசி வாக்கியம் முடிவதற்குள் ராஜா தலையாட்டிவிட்டார்.

தமுக்குச் சத்தம் கேட்டபோது செவந்தி புது அடுப்பு பூசிக்கொண்டிருந்தாள். மண் இன்னும் காயவில்லை. பழையபடி சந்தை ஓரமா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. கையைக் கழுவிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

சபையின் கல்தளத்தில் டொக் டொக்கென்று அவள் வருவதைக் கேட்டு வீரபாகு சிரித்தான்.

“ஆணை தெரியுமா, பெண்ணே?” என்றார் ராஜா.

“தெரியும், மகாராஜா. நல்ல ஆணை. நான் சொந்தக் காலில்தான் நிற்கிறேன்.”

வீரபாகு தன் பிரம்பால் அவள் காலைத் தட்டினான். “இது கட்டை.”

“கட்டைதான். ஆனால் யார் கட்டை என்று கேளுங்கள். நான் பொரி விற்றுச் சம்பாதித்து வாங்கியது. உங்கள் கால் ஏது, ஐயா?”

“பிறந்தபோதே வந்தது. அப்பா அம்மா கொடுத்தது.”

“அப்படியானால் அது பூர்வீகச் சொத்து. எனக்கும் அப்படி இரண்டு வந்தது, ஒன்று போய்விட்டது. ஆனால் சுயமாகச் சம்பாதித்த கால் இந்தச் சபையிலேயே என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. சொந்தக் கால் என்று வேறு எதைச் சொல்வது?”

மந்திரிகள் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். வீரபாகுவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் அவனுக்கு ஒரு யோசனை தட்டியது.

“அத்தான், கவனித்தீர்களா? நீங்களும் சொந்தக் காலில் நிற்கவில்லை என்கிறாள் இவள். இது ராஜத் துரோகம்.”

ராஜாவின் புருவம் ஏறியது. “அப்படியா சொல்கிறாய்?”

செவந்தி கை கூப்பினாள். “நான் எப்படிச் சொல்வேன், மகாராஜா? நீங்கள் எங்கே நின்றீர்கள்? நான் பார்த்த நாளாய் உட்கார்ந்துதானே இருக்கிறீர்கள்.”

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். சிம்மாசனம் குலுங்கியது, கிரீடம் சாய்ந்தது.

“கடையை நீயே நடத்து” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஆணையை ரத்து செய்துவிடுகிறேன். வேறென்ன வேண்டும், கேள்.”

“ரத்து செய்யுங்கள், மகாராஜா. மற்ற கடைக்காரர்களும் பூர்வீகக் காலில்தான் நிற்கிறார்கள், பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் எதிர்க் கடைக்கு மட்டும் ஆணை அப்படியே இருக்கட்டும். ஐயா ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது. பூட்டிக் கிடக்கும் இடத்தை எனக்கு வாடகைக்கு விட்டால் இன்னொரு அடுப்புப் போடுவேன்.”

ராஜா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பாதியில் சிரிப்பு நின்றது. மெல்லக் குனிந்து, மற்றவர்கள் காதில் விழாதபடி சொன்னார்:

“தந்தேன், தாயே. ஆனால் ராணியிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. அவள் முன்னால் நிற்க எனக்குப் பூர்வீகக் காலும் கிடையாது.”