இரண்டு கலயம் காராமணி

கறிவேப்பிலைக் கன்று கொடுக்கும் நாளுக்கு முந்தின மாலை, உலகம்மை இரண்டு கலயங்களுடன் மடத்துத் தலைவியான குருவின் முன் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய துணி மூட்டை வாசலிலேயே இருந்தது.

குரு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மூட்டையைப் பார்த்தார்.

"நான் ஊருக்குப் போறேம்மா" என்றாள் உலகம்மை.

"நாளைக்குக் கன்னு யாரு கொடுப்பா?"

"பேச்சி கொடுப்பா. அவ கைதான் ராசியான கை."

மலையடியில் இருந்த அந்தப் பெண்கள் மடத்தில், ஆண்டுக்கு ஒரு நாள், வருகிறவர்களுக்கெல்லாம் கறிவேப்பிலைக் கன்று கொடுப்பார்கள். கொடுப்பது உலகம்மையும் பேச்சியும். பேச்சியின் முன்னால் வரிசை தோட்டத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். உலகம்மையின் முன்னால் அவசரக்காரர்கள் மட்டும் நிற்பார்கள். போன வருடம் ஒரு பெண் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காத தாயி. உன் கையால வாங்கின கன்னு குச்சியாத்தான் நிக்குதுன்னு சொல்றாங்க."

உலகம்மைக்குக் கோபம் வரவில்லை. அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும் போலிருந்தது.

அதனால் இந்த மாதம் முழுக்க அவள் ஊர் ஊராக நடந்தாள். வீட்டுக்கு இரண்டு கேள்வி. கன்றை யார் கையால் வாங்கினீர்கள்? அது பிழைத்ததா? பிழைத்திருந்தால் ஒரு சிவப்புக் காராமணி. பட்டுப்போயிருந்தால் ஒரு வெள்ளைக் காராமணி. பேச்சி கொடுத்த கன்றென்றால் மஞ்சள் பூசிய கலயத்தில் போட்டாள். தான் கொடுத்ததென்றால் வெறும் கலயத்தில் போட்டாள்.

"என்ன வந்துச்சு?" என்றார் குரு.

"கலயத்துக்கு நாற்பது பயறு. அவளோடதுல சிவப்பு இருபத்தொன்பது. என்னோடதுல இருபத்திநாலு." குரல் தாழ்ந்தது. "ஊர் சொன்னது சரிதாம்மா."

"ராசின்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னா என்ன வந்திருக்கும்?"

"ரெண்டுலயும் சமமா வந்திருக்கும்."

"சமம்னா?"

உலகம்மை மனதுக்குள் கூட்டினாள். "மொத்தச் சிவப்பு அம்பத்திமூணு. ஆளுக்கு இருபத்தாறரை."

"அரைப் பயறை எந்த வீட்டுக்குப் போடுவே?"

அவள் கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

குரு அரிசியைப் பானையில் கொட்டிவிட்டு முறத்தைக் கீழே வைத்தார். மஞ்சள் கலயத்தை அதில் கவிழ்த்தார். வெறும் கலயத்தையும் அதன் மேலேயே கவிழ்த்தார். இரண்டு கையாலும் பிசைவதுபோல் கலந்தார்.

"அம்மா, எல்லாம் கலந்துபோச்சே."

"கலக்கத்தானே கொட்டினேன். கண்ணை மூடிக்க. நாற்பது பயறு எடுத்து மஞ்சள் கலயத்துல போடு. மிச்சத்தை உன்னோடதுல போடு."

உலகம்மை போட்டாள். பிறகு கண்ணைத் திறந்து எண்ணினாள். மஞ்சள் கலயத்தில் சிவப்பு இருபத்தாறு. அவளுடையதில் இருபத்தேழு.

"இப்ப கிட்டத்தட்ட சமமா இருக்கு" என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"இன்னொரு தடவை."

மறுபடியும் கவிழ்த்தார்கள். கலந்தார்கள். கண்ணை மூடிப் போட்டாள். எண்ணிப் பார்த்தாள். மஞ்சள் கலயத்தில் முப்பது சிவப்பு. அவளுடையதில் இருபத்திமூன்று.

உலகம்மை தப்பாக எண்ணிவிட்டோமோ என்று திரும்ப எண்ணினாள். சரியாகத்தான் இருந்தது.

"இந்த மாசம் நீ நடந்து கொண்டுவந்ததைவிட இது கூடுதல் வித்தியாசம்" என்றார் குரு. "இது யார் கை?"

"என் கைதான். அதுவும் கண்ணை மூடிக்கிட்டு."

தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்த பேச்சி கலயங்களை எட்டிப் பார்த்தாள். "நான் கிணத்தடியில நின்னாக்கூட என் கலயம் நிறையுதா? அப்ப எனக்கு ராசி இல்லை, கலயத்துக்குத்தான்."

"நீ சும்மா இருடி" என்றாள் உலகம்மை.

மூன்றாவது தடவை அவள் தானாகவே கலந்தாள். இந்த முறை எல்லாம் தலைகீழ். அவளுடையதில் இருபத்தொன்பது. பேச்சியுடையதில் இருபத்திநாலு.

"பாரு, இப்ப நீதான் ராசிக்காரி" என்று பேச்சி குடத்தை இறக்கிவைத்தாள். "நாளைக்கு என் வரிசையையும் நீயே பார்த்துக்க. எனக்குக் கால் வலி." சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உலகம்மை பயறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என் கையில குறை இல்லை. அப்படித்தானேம்மா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"அப்ப இருக்கா?"

"அதையும் சொல்லலை. இல்லாத ராசியே இவ்வளவு வித்தியாசம் காட்டுது. இருக்கிற ராசி இதுக்குள்ள ஒளிஞ்சிருந்தா உனக்கு எப்படித் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்?"

"வரும்போது தெளிவா இருந்தேன். இப்ப ஒண்ணும் புரியலை."

குரு இரண்டு கலயத்துப் பயறையும் ஒரு சட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

"அம்மா, அது என் கணக்கு."

"நாளைக்கு வர்றவங்களுக்குச் சுண்டல் வேணுமே."

சிவப்பும் வெள்ளையும் தண்ணீருக்கடியில் கலந்து கிடந்தன. உலகம்மை வாசலில் இருந்த மூட்டையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் நிறையப் பேர்கிட்ட கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம். ஏன் நாற்பதோட நிறுத்தினே?"

"என்கிட்ட வாங்கினதே அவ்வளவு பேர்தாம்மா. அவளோடதையும் அதே அளவோட நிறுத்திட்டேன். இனிமே நான் யார்கிட்ட போய்க் கேட்க?"

குரு சட்டியை மூடினார்.

"நாளைக்கு நீ கொடுத்தாத்தானே அடுத்த வருசம் கேட்கலாம்."